ஐஸ் பாதையில் லக்ஷனா

அன்புள்ள அம்மா,

முழங்கால் நோவு குறைந்ததா? மாதா துணையால் நான் சுகம்.

நேற்று, நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் ரீவியில், நான் பெற்ற லக்ஷனாவைப் பார்த்தேன். சின்னச் சறுக்குவண்டியில் குப்புறப் படுத்து, தலை முன்னே போக, ஐஸ் பாதையில் கனடாவுக்காகப் பாய்ந்து மூன்றாவதாக வந்தாள். போட்டி இந்த இத்தாலியில்தான். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இறங்கியதும் தம்பியையும் மச்சாளையும் கட்டிப்பிடித்து, "அப்பா, அம்மா" என்றாள். "பேப்பரிலை மட்டும் தம்பியின்ரை பிள்ளையா இருக்கட்டும், கனடாவுக்கு விடு" என்று நீங்கள் சொல்லித்தான் விட்டேன்.

"உங்கள் ஊர்ப் பிள்ளை போலிருக்கிறாளே, தெரியுமா?" என்று சிஞ்ஞோரா கேட்டா. தெரியாது என்று சொல்லிவிட்டு, மிச்சச் சட்டைகளை அயர்ன் பண்ணினேன்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அனுப்புங்கோ. அவளை நான் மடியில் வைத்திருக்கும் ஞானஸ்நானப் படத்தையும் அதோடு வையுங்கோ.

வேலைக்குப் போகிற பஸ் வருகிறது. தம்பியின் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கோ.

றோசமலர்
சீசா, பலெர்மோ