நான்கு உள்ளங்கைகள்

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு வருடத்துக்கு முன் இடித்த பழைய போலீஸ் ஸ்டேஷன் இருந்த இடத்தில் நினைவுக் கல் வைக்கிறார்கள். வாசகம் எழுதும் வேலை நகராட்சி ஆவண அறைக்கு, அதாவது எனக்கு, வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டேஷன். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் வந்த அன்று காலை, அதன் மொட்டை மாடியில் இருந்த, கையால் சுற்றும் சைரன்தான் ஊரைப் பதுங்கு குழிக்குள் அனுப்பியது. "இன்ஸ்பெக்டரின் துரித நடவடிக்கையால்" என்று ஒரு மாதிரி வாசகம் கொடுத்திருக்கிறார் நகராட்சிச் செயலாளர். இன்ஸ்பெக்டரே எழுதிய அறிக்கையிலிருந்து எடுத்தது.

எங்கள் வீட்டில் கதை வேறு. இன்ஸ்பெக்டர் முந்தின நாளே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். சைரனைச் சுற்றியது ஸ்டேஷனுக்குத் தண்ணீர் சுமந்தவர் – அப்பாவின் தாத்தா. தனி ஆளாக.

மார்ச் 5

சாப்பிடும்போது அப்பா மறுபடி அந்தக் கதையை ஆரம்பித்தார். அம்மா சொன்னாள்: "நான் கல்யாணமாகி வந்தப்ப உங்க தாத்தா அரை மணி நேரம் சுத்துனார். இப்ப ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு. நான் கண்ணை மூடுறதுக்குள்ள முழு நாள் சுத்திருவார்."

அப்பா சிரிக்கவில்லை. "கல்லுல அவர் பேர் வரணும். நீதானே எழுதுற?"

மார்ச் 7, வெள்ளி

தண்ணீர்க்காரர் சுற்றியதாக ஒரு பேச்சு இருக்கிறது என்று செயலாளரிடம் சொன்னேன். யார் வீட்டுப் பேச்சு என்று சொல்லவில்லை.

"வீட்டுக்கு வீடு ஒரு கதை வச்சிருக்காங்கம்மா. கல்லுல வெட்டணும்னா எழுத்துல இருக்கணும். பதினெட்டாம் தேதி சிற்பி வந்துருவார்."

நியாயம்தான். ஆனால் ஸ்டேஷன் ஏடுகள் எல்லாம் இடித்தபோதே குப்பைக்குப் போய்விட்டனவே.

மார்ச் 11

சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அப்படியானால் சைரன் சுற்றியவர் கை? மருந்து போடப் போயிருப்பாரே.

மார்ச் 12, புதன்

கிடைத்தது. போர்க்கால நகராட்சி மருந்தகத்தின் காயப் பதிவேடு. ஓரமெல்லாம் எலி தின்றிருக்கிறது, நடுப்பகுதி பத்திரம். குண்டு விழுந்த அன்று மதியம்:

"ஸ்டேஷன் தண்ணீர்க்காரர். இரு உள்ளங்கையிலும் தோல் உரிந்துள்ளது. காரணம்: சைரன் சுற்றியது."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை.

அடுத்த வரி:

"சைக்கிள் திருட்டுக் கைதி. லாக்கப்பிலிருந்து அழைத்து வரப்பட்டார். காயம், காரணம்: மேற்படி."

இரண்டு பேர். கொள்ளுத்தாத்தாதான் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். மாற்றி மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள். முடிந்ததும் அந்த மனிதர் திரும்பப் போய் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஏன்?

மார்ச் 13

அப்பாவிடம் சொன்னேன். "திருடன் கூடவா?" என்றார். பிறகு, "ஓடியிருக்கலாமே அவன்."

"கைதானே போச்சு, கால் நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் அம்மா. இந்த முறை அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

பதிவேட்டைப் பார்த்ததும் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதிரி வாசகத்தில் 'இன்ஸ்பெக்டர்' என்பதைத் தன் கையாலேயே அடித்துவிட்டார். "தண்ணிக்காரர் பேர் யாருக்காவது தெரியுமா? போட்டுரலாம்."

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கைதியின் பெயரை யார் சொல்வார்கள்? ஒன்றாகத் தோல் உரிந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் பெயர் வைப்பதா?

"பதிவேட்டுல இருக்கிற மாதிரியே போடலாம் சார்" என்றேன்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறேன்?

மார்ச் 18

சொல்லிவிட்டேன். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 21

இன்னும் பேசவில்லை. ஆனாலும் நான் செய்தது சரி என்றே படுகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கல்லை வைத்தாயிற்று. ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்துக்கு ஓரமாக, இடுப்பு உயரத்தில். "சைரன் சுற்றி இந்த ஊரை எழுப்பியவர்கள்: ஒரு தண்ணீர்க்காரர், ஒரு கைதி."

சாயங்காலம் அந்த வழியாக வந்தேன். அப்பா அங்கே நின்றிருந்தார். வண்டி எடுக்க வந்த ஒருவர் கல்லைப் படித்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டார். நான் ஒரு ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"தண்ணிக்காரர் எங்க தாத்தாங்க" என்றார் அப்பா. பிறகு கல்லில் இரண்டாவது பெயரில்லாதவர் மேல் விரலை வைத்தார். "இவர் இருக்காரே, பூட்டு திறந்திருந்தும் ஓடாத மனுஷன். ரெண்டு பேருமா மூணு மணி நேரம் சுத்துனாங்க."