மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி

மார்ச் 4
மாலைப் பதிப்பை இன்றோடு மூடிவிட்டேன். வீட்டுக்கு அனுப்பியவர்களில் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். அத்தான் அடையாள அட்டையை என் மேஜையில் வைத்து, "உன் வேலைய நீ பார்த்தே, விடு" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். போட்டிப் பத்திரிகை என்னைக் கசாப்புக்காரன் என்கிறது. எழுதட்டும். கம்பெனி பிழைக்க வேண்டாமா?

மார்ச் 20
எங்கள் ஊழியர் யார் இறந்தாலும், வேலையை விட்டுப் போனவரானாலும், மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி போடுவது பழைய வழக்கம். இனி கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் விளம்பரம். அக்கா என் போனை எடுப்பதே இல்லை.

ஏப்ரல் 27
முன்பு எங்களிடம் இருந்த வேன் டிரைவர் இறந்துவிட்டாராம். செய்தி ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். முடியாது என்றேன்.

ஜூன் 10
அத்தான் போய்விட்டார். மாரடைப்பு. என் முதல் வேலைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த மனுஷன். வாசலிலேயே அக்கா கேட்டாள்: "முதலாளியா வந்திருக்கியா, தம்பியா வந்திருக்கியா?"

ஆபீசுக்குத் திரும்பி, அத்தானுக்கு நான்கு வரி போடச் சொன்னேன். "அப்போ டிரைவருக்கு, சார்?" என்றார் செய்தி ஆசிரியர். கத்திவிட்டேன்.

ஜூன் 11
அக்காவே போன் செய்தாள். "அவருக்கு மட்டும் எதுக்குடா போட்டே? டிரைவர் செத்தப்ப நீ போடலைன்னு, அவர்தான் பழைய ஆளுங்க வீடு வீடா நடந்துபோய்ச் சொல்லிட்டு வந்தாரு. அந்த வெயில்ல." வைத்துவிட்டாள்.

ஐயோ— என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

ஜூன் 12
வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். முதலில் டிரைவருக்கு. ஆறிப்போன செய்திதான். அவர் மனைவி கையில் நானே பத்திரிகையைக் கொடுத்தேன். பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டார்.

அக்டோபர் 3
இயக்குநர் குழு என்னைத் தலைவர் பதவியை விட்டுப் போகச் சொல்லிவிட்டது. விளம்பர இடத்தை வீணாக்குகிறேனாம். என்னைப் பார்த்து! சிரிப்புத்தான் வந்தது. காரில் ஏறியதும் அழுதேன்.

நவம்பர் 15
புதுத் தலைவர் நான்கு வரியை எடுத்துவிட்டார். நான் சொன்ன அதே காரணம்.

டிசம்பர் 8
எங்கள் பழைய பிழைதிருத்துநர் இறந்துவிட்டதாகக் காலையில் தகவல். பத்திரிகையில் வராது. யார் போய்ச் சொல்வது? நானே கிளம்பினேன். முதலில் அக்கா வீடு. படியில் நின்றபடியே சொன்னேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"உனக்கு எல்லார் வீடும் தெரியாது. இரு, செருப்பப் போட்டுட்டு வர்றேன்."