நின்ன இடத்துல நில்லு

அப்பா,

இன்று திங்கட்கிழமை. வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டில் அந்த மஞ்சள் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்ப் பார்க்குக்குள் விடும்போது வாசலில் கையில் சுற்றிவிடுவார்களே, அதேதான். இரண்டு தடவை குளித்தும் அதிலிருந்து குளோரின் வாசம் போகவில்லை. காலையில் சரக்குக் காகிதம் வாங்க வந்த லாரிக்கார அண்ணாச்சி என் கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆஸ்பத்திரியில இருந்து நேரா வாரியளா?" என்று கேட்டார். "அங்க போக வேண்டியது அண்ணாச்சி, தப்பிச்சாச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குத்தான் புரியும்.

நீங்களும் இந்தப் பட்டையை அறுக்க விடமாட்டீர்கள். அது நைந்து தானாக விழும்வரை அதோடுதான் துறைமுகத்துக்குப் போவீர்கள். கப்பல் தளத்தில் நின்று, மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுவதுதான் உங்கள் வேலை. தூக்கு, இறக்கு, நிறுத்து. அந்தக் கையில் மஞ்சள் பட்டை ஆடும். "ஏலே, புது மாப்பிள்ளை கையில காப்பு கட்டிருக்கு பாருங்கலே" என்று கூட்டாளிகள் உங்களை வாருவார்களாம். அதையும் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வீர்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு, வேவ் பூலில் செயற்கை அலை எழுப்பும் அந்தப் பார்க். வேறு ஊர், வேறு இடம் என்ற பேச்சே கிடையாது. பிளஸ் டூ படிக்கும்போது நான் சண்டையே போட்டேன். கொடைக்கானல் போவோம், ஊட்டி போவோம் என்று அழுதேன். எதிர்வீட்டு அத்தைகூட, "கடல் பக்கத்துலேயே கெடக்கு. அலையில நிக்கதுக்கு மூணு மணி நேரம் போவணுமாக்கும்?" என்று கேட்டாள். நீங்கள் அசரவில்லை. "இது சொன்ன பேச்சு கேக்குற அலை தாயி. நாலு மணின்னா நாலு மணிக்கு வரும். நில்லுன்னா நிக்கும்" என்றீர்கள்.

இத்தனைக்கும் நீங்கள் அங்கே எதிலுமே ஏறியதில்லை. அம்மா, தம்பி, நான் என்று நாங்கள் மூன்று பேரும் ஏறுவோம், நீங்கள் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். "கிரேனுக்கு அடியில நிக்கிற மனுசனுக்கு ராட்டினத்துல ஏறப் பயமா?" என்று எத்தனை தடவை உங்களைக் கேலி செய்திருக்கிறேன்! ஒரே ஒரு தடவை பதில் சொன்னீர்கள். கிரேன் கயிறு அறுந்து சரக்கு விழுந்து உங்கள் கூட்டாளி ஒருவர் காலை இழந்த வருஷம் அது. "வருஷம் பூரா ஏத்துதேன், இறக்குதேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடிச்சிக்கிடும். இங்கன ஏறினது அம்புட்டும் சிரிச்சிக்கிட்டே இறங்குது. அதப் பாக்கத்தான் வாரேன்."

ரோலர் கோஸ்டர் சரிந்து இறங்கும்போது உங்கள் உதடு அசைவது மேலிருந்தே எனக்குத் தெரியும். "ஆரியா, ஆரியா." மெள்ள இறக்கு என்பதற்குத் துறைமுகத்தில் சொல்லும் வார்த்தை. நாங்கள் வெளியே வரும் படியில் நின்று ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணுவீர்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. "உங்களையும் சேத்தா நாலுல்லா" என்று தம்பி ஒரு தடவை கேட்டதற்கு, "எண்ணுறவன எண்ணப்படாதுலே" என்றீர்கள்.

அப்புறம் அந்தச் சட்டம். "தொலைஞ்சா நின்ன இடத்துல நில்லு. அங்கன இங்கன ஓடாத. தேடி வாரது என் வேலை." சைகை காட்டுகிறவர் இடம் மாறினால் கிரேன்காரருடைய கண் அவரைத் தேடி அலையும், அந்த நேரத்தில் எதுவும் நடந்துவிடும் என்பீர்கள். கப்பலில் படித்ததை எங்களுக்கும் சட்டமாக்கிவிட்டீர்கள். அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

நேற்று போனோம், அப்பா. நீங்கள் போன பிறகு முதல் தடவை. போன வருஷம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருஷம் அம்மாதான் ஆரம்பித்தாள். தம்பி காரை ஓட்டினான். கிளம்பும்போதே எனக்கு எரிச்சல். நீங்கள் வாங்குவீர்களே என்று அவன் ஒரு பெரிய பொட்டலம் மக்ரூன் வாங்கி வைத்திருந்தான். "அம்மாவுக்குச் சக்கரை இருக்கு. ஒனக்கு அறிவு இருக்கா?" என்று காருக்குள்ளேயே கத்தினேன். நீங்கள் இறந்த மாதத்தில், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து அவள் சாப்பாட்டு நேரத்துக்கு நான்தான் காவல்.

உள்ளே போனதும் அம்மா ஆரம்பித்தாள். இந்தக் குழாயடியிலதான் அப்பா தண்ணி குடிப்பாவ. இந்தக் கம்பியைத்தான் பிடிச்சிக்கிட்டு நிப்பாவ. பத்தடிக்கு ஒரு அப்பா. என் துக்கம் கோபமாக வெளியே வந்தது. "செத்த நேரம் அப்பா பேச்ச விடும்மா. நாங்களும் மனுசங்கதான்" என்று சொல்லிவிட்டேன். ரோலர் கோஸ்டருக்குக் கீழே அந்தக் குழாயடி பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். "பன்னெண்டரைக்குச் சாப்பாட்டுக் கடை வாசலுக்கு வந்துரு. நாங்க அங்கன வந்துருவோம்." சரி என்று தலையாட்டினாள். நான் திரும்பும்போது முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி முந்திப் போடுகிற மாத்திரை.

பன்னிரண்டரைக்கு லாக்கரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனோம். அம்மா இல்லை. கூட்டம் என்று நினைத்தேன். பன்னிரண்டே முக்கால். குழாயடிக்கு ஓடினேன், பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன். என் தோளில் தொங்கிய பைக்குள்ளேயே மணி அடித்தது. நனைந்துவிடும் என்று காலையில் அவள் போனையும் நான்தான் வாங்கிப் பையில் போட்டிருந்தேன்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. அவன் நினைப்பு நேராகத் தண்ணீருக்குப் போனது. "நீ வாசல்ல போயி மைக்குல சொல்லச் சொல்லுக்கா. நான் வேவ் பூல் பக்கம் பாக்குதேன்" என்று ஓடினான். முன்வாசலில் அறிவிப்புச் செய்யும் பெண்ணிடம் போய் நின்றேன். பெயர், ஊர், சேலை நிறம் எல்லாம் கேட்டாள். கத்தரிப்பூ நிறம் என்றேன். "தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் பாக்கியம் அம்மா, எங்கிருந்தாலும் முன்வாசலுக்கு வரவும்." பார்க் முழுக்க அம்மா பெயர் கேட்டது. "நீங்க இங்கயே இருங்க மேடம். கேட்டா அவங்களே வந்துருவாங்க" என்றாள் அந்தப் பெண். நானும் நின்றேன்.

ஒன்றே கால். இரண்டாவது அறிவிப்பு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. கடந்து போகும் ஒவ்வொரு கத்தரிப்பூச் சேலையும் என்னை ஏமாற்றியது. கடைசியாக அவளிடம் பேசிய பேச்சு என்ன? நாங்களும் மனுசங்கதான். வேறு பேச்சே கிடைக்கவில்லையா எனக்கு? பாவி, நான் பாவி. உங்கள் மேலும் கோபம் வந்தது, அப்பா. இந்த நேரத்தில் நீங்கள் இருந்திருந்தால் நான் ஏன் இப்படி நின்றுகொண்டிருக்கிறேன் என்று.

மூன்றாவது அறிவிப்பு முடிந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

நான் ஒன்பது வயதில் இதே பார்க்கில் தொலைந்தேனே, நினைவிருக்கிறதா? பஞ்சுமிட்டாய் வண்டியின் பின்னாலேயே போய் வழி தெரியாமல் நின்றேன். அப்போதும் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை. நீங்கள் பார்க் முழுக்க ஓடி, சட்டை நனைந்து ஒட்டிய கோலத்தில் வந்து என் முன்னால் முட்டி போட்டீர்கள். "ஏளா, மைக்குல கூப்பிட்டது கேக்கலியா?" "கேட்டுச்சு. நீங்கதான நகரப்படாதுன்னு சொன்னிய" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள், சிரிப்பு பாதியில் உடைந்தது. நீங்கள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு, "சரியாத்தான் செஞ்சிருக்க" என்றீர்கள்.

அம்மா வரமாட்டாள். நூறு தடவை மைக்கில் கூப்பிட்டாலும் வரமாட்டாள். அவள் உங்கள் சட்டப்படி எங்கோ ஓரிடத்தில் நிற்கிறாள். நான் இங்கே வாசலில் நிற்கிறேன். அவளும் நிற்க, நானும் நின்றால் யார் தேடுவது? தேடுகிற ஆள்தான் போய்விட்டாரே.

"மேடம், இங்கயே இருங்க" என்று அந்தப் பெண் கூப்பிடக் கூப்பிட ஓடினேன். கண்ட பக்கம் ஓடவில்லை. குழாயடி பெஞ்சுக்குப் போனேன். அங்கிருந்து அம்மா எப்படி நடந்திருப்பாள் என்று யோசித்தேன். சாப்பாட்டுக் கடை பழைய இடத்தில் இருந்தால்தானே! அது இப்போது வடக்குப் பக்கம், புதுச் சறுக்குகளுக்கு அருகில் இருக்கிறது. வழிகாட்டிப் பலகையைப் பார்த்து நாங்கள் போய்விட்டோம். அம்மா பலகையெல்லாம் பார்க்கிறவளா? இருபது வருஷமாக நீங்கள் முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்த வழி ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். செயற்கை மலையைச் சுற்றி, வேப்பமரம் தாண்டி, இடது பக்கம். அந்த வழியில் இப்போது ஆள் நடமாட்டமே இல்லை. வேப்பமரத்தைத் தாண்டினேன். பழைய சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடந்தது. பச்சை வலை போட்டு மூடியிருந்தார்கள்.

அந்த வலைக்கு முன்னால், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

நெற்றியெல்லாம் வேர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தாள், நாக்கு குழறியது. அப்படியே அவளைத் தரையில் உட்கார வைத்தேன். பைக்குள் கையை விட்டால் முதலில் அகப்பட்டது மக்ரூன் பொட்டலம். பல்லால் கிழித்து ஒன்றை வாயில் வைத்தேன். கரைந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஐந்தாவது வைத்தபோது அவளே என் கையைத் தள்ளிவிட்டு, "போதும்ளா, தெவிட்டுது" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். காலையில் தம்பியைத் திட்டியதற்கு அவன் காலில் விழுந்தாலும் தகும்.

"மைக்குல கூப்பிட்டாங்களே, கேக்கலியாம்மா?"

"கேட்டுச்சு. மூணு தடவ. தொலைஞ்சா நகரப்படாதுன்னு அவிய சொல்லிருக்காவல்லா."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "அப்பா எப்படிம்மா வருவாரு? எங்கிருந்து வருவாரு?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நான் நினைக்கிறேன் என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அவிய வரமாட்டாவன்னு எனக்குத் தெரியாதாளா? நீ வருவேன்னுதான் நின்னேன்."

நான் திட்டிவிட்டுப் போன பிறகும், அப்பா. அந்த வெயிலில், கை நடுங்க.

கொஞ்ச நேரத்தில் தம்பியும் தேடிக்கொண்டே வேப்பமரத்துப் பக்கம் ஓடிவந்தான். உடம்பெல்லாம் தண்ணீர். வேவ் பூலுக்குள் இறங்கியே தேடியிருக்கிறான். தூரத்திலிருந்தே எங்களைப் பார்த்து அலறினான், அம்மா தரையில் கிடப்பதாக நினைத்துவிட்டான். கத்தினால் கேட்காது. என் கை தானாக உயர்ந்தது. பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மெள்ள இப்படியும் அப்படியும் அசைத்தேன். கப்பலில் நிறுத்து என்று நீங்கள் காட்டும் அதே சைகை. பதறாதே, எல்லாம் சரியாக இருக்கிறது. அவன் அங்கேயே நின்றான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பையிலிருந்த புளியோதரையைச் சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்குப் போவோம் என்றேன். அம்மா எழுந்திருக்கவே இல்லை. "நாலு மணி அலைக்கு நிக்காம போவப்படாது" என்றாள். என்ன பிடிவாதம்! உங்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா? நான்கு மணிக்குச் சங்கு ஊதியது. அம்மாவும் தம்பியும் கையைக் கோத்துக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை எழும்பி அவர்களை மறைத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்ட அடி இருக்கிறதே! உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்ததற்கெல்லாம் அந்த இடத்தில் மனதார மன்னிப்புக் கேட்டேன். என் உதடு என்னவோ முணுமுணுத்தது. ஆரியா, ஆரியா.

அலை இறங்கியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். நான் படியிலேயே நின்று, ஈரத் தலையைத் தொட்டு எண்ணினேன்.

"ஒண்ணு, ரெண்டு."

அம்மா நின்றுவிட்டாள். "என்னளா ரெண்டு? ஒன்னையும் சேத்தா மூணுல்லா."

"எண்ணுறவள எண்ணப்படாதும்மா" என்றேன்.