பொன்னுக்கு வீங்கி கீழே இறங்கியவருக்கு

என்னங்க,

கம்பெனியில் இன்று சூளை பிரித்து, சுட்ட சாமான்களை வெளியே எடுக்கிறார்கள். மதியத்துக்கு மேல் அரை நாள்தான் லீவு கிடைத்தது. அடுப்பின் மேல் கஞ்சி இருக்கிறது. ஊறுகாய் வேண்டாம், புளிப்பு பட்டால் தாடை மறுபடி வலிக்கும்.

யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். நர்சு சௌந்தர்யாவிடம் போனில் சொல்லிவிட்டேன், கோபப்படாதீர்கள். "பெரியவங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தா சில பேருக்கு வெதைக்கு எறங்கிடும் அன்பு. வேப்பிலை அரைச்சுப் போட்டா போதாது. இன்னைக்கே டாக்டர பாக்கணும்" என்றாள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்குமாம். அதனால் பிள்ளை இல்லாமல் போவது அபூர்வமாம்.

பழமலை அண்ணன் ஆட்டோ கொண்டுவருவார். காய்ச்சல் என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். ஆனால் டாக்டரிடம் முதுகுவலி என்று மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு மகேஸ்வரி அக்காவிடம் கொடுங்கள். அவர்கள் குழந்தையைத் தூக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

அன்புக்கரசி

காது மந்தமாக இருந்தாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். "எனக்குப் புள்ள பொறக்காதுன்னு ஆயிட்டா உங்கம்மா வூட்டுக்குப் போயிடுவியா?" என்று காலையில் கேட்டீர்கள். நீங்கள் அப்படிக் கேட்டதே எனக்குக் கோபம், அதனால்தான் பேசாமல் குளிக்கப் போனேன். போக மாட்டேன். மதியம் வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டாக்டர் கூப்பிட்டால் நான் வரும்வரை உள்ளே போகாமல் இருங்கள், சேர்ந்தே போவோம்.