உன் அப்பாவின் இலையில் உட்கார்ந்தவன்

பக்கத்து வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சோறு ஆக்குகிறார்கள். பண்டான் இலை மணம் மதிலைத் தாண்டி, கேட்காமல் கொள்ளாமல் என் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் இருக்கும் புக்கிட் பாருவில் இது அதிசயமில்லை. பாதித் தெருவுக்குக் காலை உணவு நாசி லெமாக் என்னும் இந்தத் தேங்காய்ப்பால் சோறுதான். ஆனால் எனக்கு அந்த மணம் பட்டதும் முதலில் நீ வருகிறாய், பிறகு உன் அம்மா வருகிறார், கடைசியில்தான் பசி வருகிறது. நாளைக்குப் போகி வேறு.

உன்னை முதலில் பார்த்தது காஜா பேராங் மாரியம்மன் கோவிலில். நெற்றியில் திருநீறு, கொண்டையில் பூ, உடம்பில் மலாய்க்காரர் போடும் கெபாயாச் சட்டை. அந்தக் கெபாயாவை நான் கவனித்திருக்க வேண்டும். திருநீற்றை மட்டும் பார்த்துவிட்டு நம் தமிழ்ப் பெண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை கிடைத்து அப்போதுதான் டவுனுக்கு வந்தவன் நான். கம்போங் செட்டிக் குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக நம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே மலாய் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "சண்டே, பாடாங், ஐஸ் காச்சாங்" என்று நான் உளறியதில் எல்லாமே உனக்குப் புரிந்துபோனது என் அதிர்ஷ்டம். தலையாட்டிவிட்டுப் போனாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலோரத் திடலில் நான் பேசிய பேச்சு இருக்கிறதே! ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சாக இருந்த காலம். வெள்ளைக்காரன் போனால் என்ன ஆகும், கிராணிகளுக்குச் சம்பளம் ஏறுமா, தோட்டத்து மக்கள் கதி என்ன என்று மூச்சுவிடாமல் தமிழில் பொழிந்து தள்ளினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாய். எவ்வளவு அறிவுள்ள பெண் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். ஐஸ் முழுக்கக் கரைந்து தண்ணீரான பிறகு, "உங்க கருத்து என்ன?" என்று கேட்டேன். நீ கிண்ணத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாய்: "தமிழ் தாக் தாவு."

தமிழ் தெரியாதாம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு அப்படி ஏன் தலையாட்டினாய் என்று மலாயில் கேட்டேன். "நிறுத்தினா நீ எழுந்து போயிருவியோன்னு பயந்தேன்" என்றாய். நீ சொன்னது மலாயில்தான். ஆனால் நீ சொன்னதெல்லாம் என் நினைவில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அதற்குப் பிறகு நாம் மலாயிலேயே பழகினோம். நீ தையல் வகுப்பு முடிந்து வரும் வழியில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடப்பேன். உங்கள் வீட்டுக் கதை ஒவ்வொன்றாக வந்தது. நீ ஒரே பிள்ளை. அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "வெளியாளைக் கட்டிக்கிட்டா உங்க அப்பாவுக்கு இலை போட யாரு இருப்பா?" அதற்கு ஒரு வழி சொல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"போகிக்கு வீட்டுக்கு வா, அம்மா உன்னைப் பார்க்கட்டும்" என்றாய். எனக்குத் தெரிந்த போகி பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்துவது. உங்கள் போகிக்குப் பார்ச்சு என்று பேர் என்பதும், செத்துப்போனவர்களுக்கு அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போடுவீர்கள் என்பதும், அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வீட்டார் அறையைவிட்டு விலகி, மூச்சுக் காட்டாமல் காத்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. உனக்கோ, அதைத் தெரியாத ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று தோன்றவே இல்லை.

சாயங்காலம் வந்தேன். வாசல் திறந்து கிடந்தது. நடுக்கூடத்தில் ஒருவரும் இல்லை. வரிசையாக இலைகள், நாசி லெமாக், கோழிக் குழம்பு, மீன், மிளகாய்ச் சம்பல். தலை இலைக்குப் பக்கத்தில் காப்பி, அதன் பக்கத்தில் ஒரு சுருட்டு. விருந்தாளிக்குச் சுருட்டுகூட வைத்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்தது. போட்ட இலையைக் காக்கவைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் என் அம்மா. சுவரில் மாலை போட்டிருந்த உன் அப்பாவின் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தலை இலையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். மற்ற இலைகளுக்கு நீங்கள் வருவீர்கள் என்று நம்பினேன். சம்பல் புரையேறியது. இருமினேன், காப்பியை எடுத்துக் குடித்தேன், மறுபடியும் இருமினேன்.

அடுப்படியில் நடந்ததை நீ பிறகுதான் சொன்னாய். உன் அப்பாவுக்கும் சம்பல் என்றால் உயிர், சாப்பிட்டால் இருமல், இருமினால் காப்பி. அந்தச் சத்தம் கேட்டதும் உன் அம்மா உன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "டா டாத்தாங்" என்றாராம். வந்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியதாம்.

அடுப்படித் திரை விலகியது. நீ "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாய். அது எந்த மொழியிலும் ஐயோதான். என்ன செய்திருக்கிறேன் என்பது உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. எல்லாம் முடிந்தது, பெண்ணும் போச்சு என்று நினைத்தேன். எழுந்திருக்கப் போனவனை உன் அம்மா தோளில் கைவைத்து உட்கார வைத்தார். குனிந்து இலையைப் பார்த்தார். சோற்றில் என் விரல் தடம் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒவ்வொரு வருஷமும் வச்சது வச்சபடியே இருக்கும். அவர் சாப்பிட்டாருன்னு நாங்களே சொல்லிக்குவோம். இன்னைக்குத்தான் இந்த இலையில கை பட்டிருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் குழம்பை எடுத்து இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பேய் பிசாசில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் என்னைவிடப் பெரிய ஒன்று என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. அதை இன்றுவரை என்னால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை. உன் அம்மா ஊற்றிய குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.

நீ வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாய். அம்மா நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. "என்னைக் கட்டிக்கிறியா? அப்பாவுக்கு இலை போடணும். நான் முன்னாடி போயிட்டா எனக்கும் போடணும்." ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிறவனுக்கு வாய் நிறையச் சோறு. அந்தத் தடவை தலையாட்டியது நான்.

நாடு சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே நம் கல்யாணம் முடிந்துவிட்டது. உன் அப்பாவின் இலையை நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. நீ போன பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று போடுகிறேன். சம்பல் உன் கைப்பக்குவத்துக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்.

நாளைக்கும் போடுவேன். வாசலைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊருக்குப் புதிதாக வந்த எவனாவது பசியோடு உள்ளே நுழைந்து உன் இலையில் உட்கார்ந்துவிட்டால், அவனை எழுப்ப மாட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவேன்.