தமிழில் சொன்னது

ஆகஸ்ட் 14, சனி.

நாலா என்று இங்கே சொல்லும் பெரிய ஓடையில் வெள்ளம் வரப்போகிறது என்று எம்.எல்.ஏ. என்னைக் காலையில் அனுப்பினார். பஞ்சம் பிழைக்கத் தர்மபுரியிலிருந்து வந்தவர்கள் அந்தக் கரையில் குடிசை போட்டிருந்தார்கள். எம்.எல்.ஏ. ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; நீ தமிழில் சொன்னால் நம்புவார்கள் என்றார். நம்பினார்கள். சட்டிபானையைக்கூட எடுக்காமல் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

மாலையில் போய்ப் பார்த்தேன். நாலா நிரம்பவே இல்லை. குடிசைகள்தான் இல்லை. புல்டோசர் தடம் கிடந்தது. எம்.எல்.ஏ.விடம் ஓடினேன்.

"ஓட்டே இல்லாத ஜனங்க. அவங்களுக்காக கைக்கு பரேஷான், எதுக்குக் கவலைப்படறே?" என்று சிரித்தார், படுபாவி.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கும்பிட்டாள்.

"நீங்க வந்து சொல்லலைன்னா வெள்ளத்துல போயிருப்போம் சாமி. எப்ப வூட்டுக்குப் போலாம்?"

நாளைக்கு என்றேன். அதையும் தமிழில்தான் சொன்னேன்.