இரண்டு காப்பி, இரண்டு வீடு

20 செப். 2006, புதன்

பகலெல்லாம் புழுக்கம். மாலை நாலு தூறல், அதோடு சரி.

கம்ப்யூட்டருக்குள் மறுபடி டக் டக். வித்யா இருந்தால் பெட்டியைத் திறந்து என்னவென்று பார்த்திருப்பாள். மகள் போய் மூன்று மாதம். எனக்கு அதைத் தொடவே பயம். அந்த வீடியோ அதற்குள் மட்டும்தான் இருக்கிறது.

காலேஜ் தோழியின் கேமராவை ஒரு நாள் வாங்கி வந்து வீட்டைப் படம் பிடித்தாள். பதினோரு நிமிடம். படத்தில் அவள் இல்லை, குரல்தான். "இது எங்க அப்பா. பேப்பர் கையில இருந்தா ஊரே காலியானாலும் தெரியாது." அப்புறம் அடுப்படி. அவள் அம்மா சரோஜா கரண்டியை ஓங்குகிறாள், இவள் சிரிக்கிறாள். போட்டோ எத்தனையோ இருக்கிறது. குரல் இது ஒன்றுதான்.

விளக்கேற்றியதும் தினம் ஒரு முறை போடச் சொல்கிறாள் சரோஜா. திரையில் தெரிவது அவள் முகம், அவள் கேட்பது மகளை. என்னால் முழுக்கப் பார்க்க முடிவதில்லை, எழுந்து போய்விடுகிறேன்.

நாளை: ஈ.பி. பில். ரேஷன். வீடியோவைக் காப்பி எடுக்க டிஸ்க்.

21, வியாழன்

குரோம்பேட்டை, ஜி.எஸ்.டி. ரோடு, பஷீர் பாய் கடை. வித்யாவுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவர். ஹார்ட் டிஸ்க் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை இனிமேல் போடவே போடாதீர்கள், அப்படியே தூக்கி வாருங்கள் என்றார்.

டிஸ்கில் இத்தனை சாதியா!

– கம்பியில் ஐம்பது கோத்த லூஸ் டிஸ்க். மலிவு. ஒரு வருஷம் தாங்கினால் பெரிசாம்.
– அழித்து அழித்து எழுதுவது. அழிகிற எதுவும் வேண்டாம்.
– சி.டி. மேல் பூச்சு நகம் பட்டாலே உரியுமாம்.
– டி.வி.டி., தனித்தனிப் பெட்டியில். இதுதான். இரண்டு.

வேகம் குறைத்து எழுத வேண்டும். ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பளபளக்கும் பக்கத்தில் விரலே படக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்: "ரெண்டு காப்பி, ரெண்டு வூட்ல இருக்கணும் சார். ஒரே வூட்ல ரெண்டு வெச்சுகினா அது ஒரு காப்பிதான்."

23, சனி

பெட்டியை ஆட்டோவில் கொண்டுபோனேன். பாயே எழுதிக் கொடுத்தார். சரிபார்க்க ஒரு தடவை முழுக்க ஓட்டினார். வித்யாவின் சிரிப்பு வந்த இடத்தில் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

முடிந்ததும் தன் மிஷினிலிருந்து அழித்துவிட்டார். குடும்பத்துப் பெண்கள் இருக்கிற படத்தைக் கடையில் வைத்துக்கொள்வதில்லையாம், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அரைமணியில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரேயடியாக நின்றது, இனி அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாதாம். புதிது அடுத்த மாதம்தான். இனி டி.வி.யில் போட்டுப் பார்க்கலாம்.

24, ஞாயிறு

மழை. ஒரு காப்பியைத் தாம்பரத்தில் சரோஜாவின் தம்பி வீட்டில் கொடுப்பதாக இருந்தேன். போகவில்லை. மழை ஒரு சாக்கு. போனால் காபி கொடுத்து உட்கார வைத்து, எப்படி ஆச்சு, எந்த டாக்டர் என்று ஆரம்பிப்பார்கள். ஐந்து நாள் காய்ச்சலை எத்தனை தடவை சொல்வது?

இரண்டும் டி.வி. மேல்தான் இருக்கின்றன.

1 அக்., ஞாயிறு

சரஸ்வதி பூஜை. துக்க வருஷம், எங்களுக்குப் பண்டிகை கிடையாது. பொரி, சுண்டல் எதுவும் இல்லை. ஆனாலும் சரோஜா வித்யாவின் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்திருக்கிறாள். கால்குலேட்டருக்கும் வைத்தாள். டிஸ்குகளுக்கும். பெட்டியிலிருந்து எடுத்து, பளபளக்கும் பக்கத்தில், நடுத் துளையைச் சுற்றிச் சந்தனம், குங்குமம். அதுதானே முகம் என்றாள்.

அந்தப் பக்கத்தில் விரலே படக்கூடாது என்றாரே பாய். சொன்னால் இன்று முழுக்க அழுவாள். பூஜையில் வைத்ததை இன்று தொடவும் கூடாது. நாளைக் காலை நானே பஞ்சால் மெல்லத் துடைத்துவிடலாம். பேசாமல் இருந்துவிட்டேன்.

2, திங்கள்

எழுந்தது ஏழரை. நான் ஒரு தூங்குமூஞ்சி.

அடுப்படி மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இரண்டு டிஸ்கும் தண்ணீர் வடியக் கவிழ்ந்து கிடந்தன. புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு, நாரால் தேய்த்திருக்கிறாள். "சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிச்சுங்க. அழுத்தித் தேய்ச்சும் பளபளப்பு வரல."

டி.வி.யில் போட்டேன். டிஸ்கே இல்லை என்று இங்கிலீஷில் வந்தது. அடுத்ததைப் போட்டேன். அதே.

"நான் தேய்ச்சதாலயாங்க?"

"இல்ல. டிஸ்க் மட்டம். பாய் ஏமாத்திட்டார்."

வாயில் அதுதான் வந்தது. அவள் நம்பவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

3, செவ்வாய்

ஆபீஸுக்கு லீவு. அவளே கடைக்கு வருவேன் என்று நின்றாள். முந்திக்கொண்டு பாயிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட வழியில்லை.

பாய் டிஸ்கை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று கீறல். துளை ஓரத்தில் மஞ்சளாகச் சந்தனம். என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

சரோஜா: "பாய், மறைக்காம சொல்லுங்க. நான் தேய்ச்சதால போச்சா?"

பாய் டிஸ்கைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "இல்லம்மா. அன்னிக்கு வந்த சரக்கு லாட்டே மட்டம். தப்பு என்னோடது."

கடையில் நாலு பேர் நிற்க, என் பெண் குரலை முழுங்கிவிட்டாயே என்று பத்து நிமிடம் திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். புதிதாக இரண்டு டிஸ்க் கொடுத்தார். பழைய இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். ராத்திரி சரோஜா சாப்பிட்டாள்.

4, புதன்

தனியாகப் போனேன். பழைய டிஸ்க் இரண்டுக்கும் பாய் நேற்றே பாலிஷ் போட்டுப் பார்த்தாராம். ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வுடுங்க சார்," என்றார். "எனக்கு நாலு கஸ்டமர் போவாங்க, வேற நாலு பேர் வருவாங்க. அந்தம்மா இந்தப் பழியை எங்க கொண்டு போய் வெக்கும்?"

5, வியாழன்

விளக்கேற்றியாயிற்று. டி.வி. போடவில்லை. பஸ் சத்தம் கூடக் கேட்கிறது.

புது டிஸ்க் ஒன்றை வித்யா போட்டோ முன்னால் வைத்தாள். பெட்டி மேல்தான் பொட்டு. இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுல குடுத்துட்டு வாங்க. ரெண்டு வீட்டுல இருக்கணும்னு நேத்தே... இல்ல, முந்தாநேத்து, பாய் சொன்னார். உங்ககிட்ட அப்பவே சொன்னாராமே."

அதில் ஒன்றும் இல்லை, வெறும் டிஸ்க் என்றேன்.

"தெரியும். குடுத்துட்டு வாங்க."

8, ஞாயிறு

வெயில். தாம்பரம். காபி கொடுத்தார்கள். எந்த டாக்டர் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

டிஸ்கில் என்ன மாமா என்றான் சரோஜாவின் தம்பி. வித்யா பேசினது என்றேன். போட்டுப் பார்க்காதே, கீறல் விழும் என்றேன்.